பிரிக்காத உறை

வணக்கம் நேயர்களே.

ஜப்பானில் ஜூன் மாதம் பிறந்ததும் நகராட்சியிலிருந்து வீட்டுக்கு ஓர் உறை வரும். கையில் எடுத்தால் சற்றுக் கனமாக இருக்கும். உள்ளே கணக்குத் தாள் ஒன்று, பார்கோடு அச்சிட்ட பணம் கட்டும் சீட்டுகள் நான்கு. பள்ளியிலோ மொழிப் பயிற்சி நிலையத்திலோ ஆங்கிலம் கற்பிக்கும் வெளிநாட்டு ஆசிரியரும் அவருடைய ஜப்பானியத் துணையும் குடியிருக்கும் வீடு என்றால், அந்த உறை பெரும்பாலும் பிரிக்கப்படாமல் சாப்பாட்டு மேசை ஓரத்தில் கிடக்கும். முழுக்க ஜப்பானிய எழுத்து. துணை வந்து படித்துச் சொல்லட்டும் என்று ஆசிரியர் விட்டுவிடுவார். துணையோ இரவு ஒன்பது மணிக்குக் களைத்து வருகிறார். உறை அங்கேயே இருக்கிறது.

இன்று நான் பேச வந்தது இந்த வீட்டைப் பற்றி. இப்படிப்பட்ட வீடுகளில் மனக்கசப்பு வந்தால் பண்பாட்டு வேறுபாடு என்று சுலபமாகக் காரணம் சொல்லிவிடுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. காகித வேலை முழுவதும் ஒருவர் தலையில் விழுவதுதான் பெரிய காரணம். வங்கி, வாடகை, வரி, மருத்துவமனைப் படிவம், எரிவாயு நிறுவனத்துக்குத் தொலைபேசி என்று எல்லாவற்றுக்கும் ஜப்பானியத் துணையே மொழிபெயர்ப்பாளர். முதல் ஆண்டு அன்பாகச் செய்வார். மூன்றாம் ஆண்டில் அது சம்பளமில்லாத இரண்டாவது வேலையாகிவிடும். ஆசிரியரும் தன் வீட்டிலேயே விருந்தாளியாகிப் போவார். இரண்டு பேருக்கும் வருத்தம். யார் மீதும் குற்றமில்லை.

ஆகவே அந்த உறையைப் பிரித்தே பார்த்துவிடுவோம்.

அது வசிப்பிட வரி. அங்கே ஜூமின்ஸெய் என்பார்கள். சென்ற ஆண்டு ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை சம்பாதித்ததற்கு இந்த ஆண்டு ஜூனில் கேட்பார்கள். வரிக்குரிய வருமானத்தில் ஏறக்குறைய 10 சதவீதம், அதோடு ஆளுக்கு ஆண்டுக்கு 5,000 யென் அளவில் நிலையான ஒரு தொகை. ஜனவரி 1ஆம் தேதி எந்த ஊரில் பதிவாகியிருந்தீர்களோ அந்த ஊருக்குக் கட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்து இறங்கியவருக்கு முதல் ஆண்டில் இந்த வரி கிடையாது. கைக்கு வரும் சம்பளத்தைப் பார்த்து, அந்தக் கணக்கிலேயே வாடகை வீடு பிடித்துவிடுவார்கள். அடுத்த ஜூனில் கணக்கு உதைக்கும்.

சம்பளத்திலேயே பிடித்தம் செய்யும் நிறுவனமாக இருந்தால் ஜூனிலிருந்து அடுத்த மே வரை 12 தவணை. பிடிக்காவிட்டால்தான் இந்த நான்கு சீட்டுகள் வரும். வழக்கமாக ஜூன், ஆகஸ்ட், அக்டோபர், ஜனவரி. தெருமுனைக் கன்வீனியன்ஸ் கடையில் சீட்டை நீட்டிப் பணம் கட்டி, முத்திரை குத்திய துண்டை வாங்கிக்கொள்ளலாம். அந்தத் துண்டைத் தூக்கிப் போடக் கூடாது. மார்ச் மாதம் ஒப்பந்தம் முடிந்து வேலை மாறுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மே வரை மீதமுள்ள தவணைகளைப் பெரும்பாலும் கடைசிச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடித்துக்கொள்வார்கள். ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆகவே வேலை மாறுவதும் வீடு மாறுவதும் வரி பிடிப்பதும் ஒரே மாதத்தில் வந்து விழும்.

இந்த ஓர் உறைக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். விசாவின் வேர் இதில்தான் இருக்கிறது. ஜப்பானியரை மணந்தவருக்குத் துணைவர் விசா 5 ஆண்டு, 3 ஆண்டு, 1 ஆண்டு, 6 மாதம் என்று நான்கு அளவில் கிடைக்கும். புதுப்பிக்கும்போது குடும்பப் பதிவேடான கோசெகியின் நகல், வீட்டிலுள்ள எல்லாரும் இடம்பெறும் ஜூமின்ஹியோ என்ற வசிப்பிடப் பதிவு, வரி விதித்ததற்கும் கட்டியதற்குமான இரண்டு சான்றுகள், துணை கையெழுத்திட்ட பொறுப்புறுதிக் கடிதம் ஆகியவற்றைக் கேட்பார்கள். மேசை ஓரத்தில் உறங்கிய உறை, வரி கட்டிய சான்றில் பாக்கியாக எழுந்து நிற்கும். நிரந்தர வசிப்புரிமை கேட்கும்போது இன்னும் கடினம். மணவாழ்வு 3 ஆண்டும் ஜப்பானில் தொடர்ந்து 1 ஆண்டும் ஆகியிருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று விதி சலுகை தருகிறது. ஆனால் வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு மூன்றையும் கெடுவுக்குள் கட்டினீர்களா என்று பார்ப்பார்கள். பிறகு வட்டியோடு கட்டியிருந்தாலும் கெடு தவறியது குறைதான்.

விசாவைப் புதுப்பிக்க, காலாவதிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். நாள் முடிவதற்குள் விண்ணப்பம் போய்விட்டால், முடிவு தாமதமானாலும் இரண்டு மாதம் வரை சட்டப்படி தங்கலாம். ஜப்பானியத் துணைக்கு அலுவலகம் வேறு ஊருக்கு மாற்றல் போட்டு, தனியே போய்த் தங்கும் வழக்கம் அங்கே உண்டு. அப்படி இருவரும் பிரிந்திருந்தால் மாற்றல் ஆணையின் நகலோடு ஒரு பக்க விளக்கக் கடிதம் சேர்த்துக் கொடுப்பது நல்லது. காரணமில்லாமல் ஆறு மாதம் தம்பதியாக வாழாவிட்டால் விசாவை ரத்து செய்ய இடமிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆனதும் வெளிநாட்டவர் விசாவை மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அரசுப் பள்ளி ஆசிரியருக்குக் கற்பித்தல் விசா, தனியார் மொழிப் பயிற்சி நிலைய ஆசிரியருக்கு வேறொரு வேலை விசா என்று இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவ அனுமதி வேண்டும். துணைவர் விசாவில் அந்தக் கட்டு இல்லை, எந்த வேலையும் செய்யலாம். அதனால்தான் பலரும் மாறுகிறார்கள். கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்குத் துணைவர் விசா கிடையாது. அவர்கள் வேலை விசாவையே பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து சம்பளச் சீட்டு. பள்ளிகளுக்கு வெளிநாட்டவரை அழைத்துவரும் அரசுத் திட்டம் ஜெட். 1987இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வரும் ஆசிரியர் அதிகபட்சம் ஐந்து ஆண்டுதான் அதில் இருக்க முடியும். அதற்குப் பின் பலர் ஆள் அனுப்பும் நிறுவனங்கள் வழியாகப் பள்ளிகளுக்குப் போகிறார்கள். அந்த ஒப்பந்தங்களில் பள்ளி விடுமுறையுள்ள மாதங்களில் சம்பளம் குறையும்படி எழுதியிருப்பது உண்டு. வேலை நேரத்தையும் பார்க்க வேண்டும், நிறுவனக் காப்பீட்டில் சேர்ப்பார்களா என்பது அதைப் பொறுத்தது. நிறுவனக் காப்பீட்டில் சேர்த்தால் ஓய்வூதியத்துக்குப் பிடிக்கும் 18.3 சதவீதத்தில் பாதியை நிறுவனம் போடுகிறது. சேர்க்காவிட்டால் தேசிய மருத்துவக் காப்பீடும் தேசிய ஓய்வூதியமும் முழுக்கத் தன் கையிலிருந்து போகும். வாரத்துக்குச் சில வகுப்புகள் மட்டும் எடுப்பவராக, ஆண்டு வருமானம் 13 லட்சம் யென்னுக்குள் இருந்தால், நிறுவன வேலையிலுள்ள துணையின் காப்பீட்டுக்குள் சேர முடியும். கோடை வகுப்புகளைக் கூடுதலாக எடுத்து அந்த எல்லையைத் தாண்டினால் கூடுதல் சம்பளத்தைவிடக் காப்பீட்டுச் செலவு அதிகமாகிவிடக்கூடும். வகுப்பை ஒப்புக்கொள்வதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

ஊருக்குப் பணம் அனுப்பும் நம்மவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். நவம்பர் வாக்கில் நிறுவனம் ஆண்டிறுதி வரிப் படிவம் தரும். ஊரிலுள்ள பெற்றோரைச் சார்ந்தவர்களாகக் காட்டி வரியைக் குறைக்கலாம். உறவைக் காட்டும் பிறப்புச் சான்றும் அதன் ஜப்பானிய மொழிபெயர்ப்பும், பணம் அனுப்பிய வங்கிச் சான்றும் வேண்டும். அப்பா கணக்குக்கே இருவருக்கும் சேர்த்து அனுப்பினால் அம்மாவுக்கு அனுப்பியதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆளுக்கு ஒரு கணக்கு, ஆளுக்கு ஒரு ரசீது. 2023 முதல், 30 வயதிலிருந்து 69 வயது வரையுள்ள உறவினர் என்றால், படிப்பவர், மாற்றுத்திறனாளி போன்ற சிலரைத் தவிர மற்றவருக்கு ஆண்டுக்கு 3,80,000 யென்னாவது அனுப்பியிருக்க வேண்டும்.

சரி, இதையெல்லாம் யார் செய்வது? என் யோசனை எளிமையானது. வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், வந்த உறைகள் எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து பிரிக்க வேண்டும். அதற்கு முன் ஆசிரியர் கைபேசியில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் படித்துவிட்டு வர வேண்டும். அப்போது துணையின் வேலை சந்தேகம் தீர்ப்பது மட்டுமே. மூன்று சொற்களைக் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் போதும்: ஜூயோ என்றால் முக்கியம், நோகிகென் என்றால் கட்ட வேண்டிய கடைசி நாள், தொகுசொகு என்றால் கெடு தாண்டிவிட்டது. பார்சல் கொண்டுவந்தவர் ஆள் இல்லையென்று போட்டுவிட்டுப் போகும் சீட்டிலிருந்து தொடங்கலாம். அதில் மறுபடி கொண்டுவரச் சொல்வதற்கு எண்களை அழுத்தினால் போதும், பேச வேண்டியதில்லை. தொலைபேசிப் பயம் தெளிவதற்கு அது நல்ல முதல் படி.

பேச்சைப் பொறுத்தவரை தமிழ் பேசுபவருக்கு ஒரு வசதி இருக்கிறது. பள்ளிக்கு என்பதை 'கக்கோ நி' என்று, வேற்றுமை உருபை நம்மைப் போலவே பின்னால் ஒட்டுவார்கள். வினைச்சொல் கடைசியில்தான் வரும். காலையில் வாசலில் செருப்பு மாட்டும்போது 'இத்தெகிமாஸ்' என்பார்கள், அப்படியே நம் 'போய்ட்டு வர்றேன்'தான். வீட்டிலிருப்பவர் 'இத்தெராஷ்ஷாய்' என்பார், 'போய்ட்டு வாங்க'. இந்த இரண்டும் மூச்சுவிடுவதுபோல வந்துவிட வேண்டும், பதில் சொல்லாமல் இருந்தால் கோபமோ என்று நினைப்பார்கள். நாள் முழுக்க ஆங்கிலம் கற்பித்தவர் வீட்டிலும் துணைக்கு ஆங்கில ஆசிரியராக இருந்தால் இருவருக்குமே அலுத்துப்போகும். சமையலறையில் ஜப்பானிய மொழி, சாப்பிடும்போது ஆங்கிலம் என்று இடம் பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவருகிறது. 'தைஜோபு' என்ற சொல்லில் மட்டும் கவனம் தேவை. 'பரவாயில்லை' என்றும் 'வேண்டாம்' என்றும் அதற்குப் பொருள். காப்பி வேண்டுமா என்று கேட்டதற்கு அந்தப் பதில் வந்தால், ஊற்றக் கூடாது.

வீட்டு வேலைகளில் இரண்டை மட்டும் விரித்துச் சொல்கிறேன்.

முதலாவது குளியல் தொட்டி. தொட்டிக்கு வெளியே தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, தலையும் உடம்பும் சோப்புப் போட்டுக் கழுவி, நுரை ஒரு துளியும் இல்லாமல் அலசிய பிறகுதான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். தொட்டித் தண்ணீர் 40, 41 டிகிரியில் இருக்கும், ஏறத்தாழ 200 லிட்டர். வீட்டிலுள்ள எல்லாருக்கும் அதே தண்ணீர்தான். ஆகவே குளித்து வெளியே வந்ததும் அடைப்பானைப் பிடுங்கிவிடக் கூடாது. புதிதாக வந்தவர்கள் செய்யும் தவறு இதுதான், அடுத்தவர் குளிக்க வரும்போது தொட்டி காலியாக இருக்கும். மிதக்கும் முடியைச் சிறு வலைக் கரண்டியால் எடுத்துவிட்டு மூடியைப் போட வேண்டும், சூடு நிற்கும். மறுநாள் காலை அந்தத் தண்ணீரைக் குழாய் வைத்துத் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு இழுத்துக்கொள்வார்கள். துவைக்க மட்டும், கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர். கந்தகம் கலந்த குளியல் பொடி போட்டால், தண்ணீரை மறுபடி சூடாக்கும் கருவியின் குழாய்கள் அரித்துப்போகும். பொடி வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது குப்பை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் தனியே, சுற்றிய தாளைத் தனியே கழற்றி, உள்ளே அலசி, நசுக்கிப் போட வேண்டும். எரியும் குப்பைக்குப் பெரும்பாலான ஊர்களில் வாரம் இரண்டு நாள், மற்றவைக்கு வெவ்வேறு நாள். காலையில் ஊர் சொன்ன நேரத்துக்குள், பெரும்பாலும் எட்டு மணிக்குள், வைத்தாக வேண்டும். முதல் நாள் இரவே வைத்தால் காக்கை பையைக் கிழித்துத் தெருவெல்லாம் இறைத்துவிடும். வகை பிரிக்காத பையில் ஒட்டுச் சீட்டு ஒட்டி அங்கேயே விட்டுப்போவார்கள். சில ஊர்களில் நகராட்சி விற்கும் பையில்தான் போட வேண்டும். இந்த வேலையை வெளிநாட்டவரே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன். காரணம், அக்கம்பக்கத்தார் முகம் பார்த்து வணக்கம் சொல்வது குப்பை வைக்கும் இடத்தில்தான். பக்கத்து வீட்டிலிருந்து வரும் சுற்றறிக்கைப் பலகையைப் படித்து, கையொப்பமிட்டு, அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவதும் அப்படியே.

சமையலில் ஒரே ஒரு செய்தி. குக்கரோடு வரும் கோப்பை 180 மில்லிலிட்டர், கடையில் விற்கும் அளவுக் கோப்பை 200. மாற்றி அளந்தால் சோறு கெட்டுப்போகும். தாளிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே புகைவிசிறியை வேகமாக வைத்துவிடுங்கள். உள்ளே காயும் துணி எல்லாம் கடுகு மணக்காமல் இருக்கும்.

மாமியார் வீட்டுக்குப் புத்தாண்டிலும் ஆகஸ்ட் நடுவில் வரும், முன்னோரை நினைக்கும் ஓபோன் பண்டிகையிலும் போகும்போது இனிப்புப் பெட்டி ஒன்று கொண்டுபோவது வழக்கம். உள்ளே உட்கார்ந்த பின், கடைப் பையிலிருந்து வெளியே எடுத்து, எழுத்து அவர்களைப் பார்க்குமாறு திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக நிலநடுக்கம். ஒருவர் பள்ளியில், ஒருவர் அலுவலகத்தில் இருக்கும்போது வந்தால் கைபேசி இணைப்பு கிடைக்காமல் போகலாம். எந்தப் பள்ளிக்கூடத்தில் கூடுவது என்று முன்பே பேசி வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் வீதம் குறைந்தது மூன்று நாளைக்குத் தண்ணீர் இருக்கட்டும். 171 என்ற எண்ணில் செய்தி விட்டுவைக்கலாம். 171, பிறகு பதிவு செய்ய 1, கேட்க 2, பிறகு இருவரும் முன்பே பேசி வைத்துக்கொண்ட ஒரு தொலைபேசி எண். 30 விநாடி பேசலாம். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதியும் 15ஆம் தேதியும் இதைச் சோதித்துப் பார்க்கத் திறந்துவிடுகிறார்கள். வருகிற 1ஆம் தேதி மாலை, ஒருவர் சமையலறையிலிருந்து பதிவு செய்யுங்கள், மற்றவர் வாசலிலிருந்து கேளுங்கள். ஜப்பானிய மொழியில்தான் குரல் வரும், எண்களை மனப்பாடம் செய்துகொண்டால் கவலையில்லை.

நன்றி, வணக்கம்.