சுகோய் 30 எம்கேஐ: 1/32 கிட்டை நம் விமானப்படை விமானமாக மாற்றுவது எப்படி?

[காட்சி: மண்டபத்தில் ஒரு வீட்டு மாடி அறை. மேசையில் சாம்பல் நிற பிளாஸ்டிக் பாகங்கள், உப்புத்தாள், ஸ்டீல் ஸ்கேல்.]

வணக்கம். உச்சிப்புளி, மண்டபம் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தலைக்கு மேலே ஹெலிகாப்டரும் டோர்னியர் கண்காணிப்பு விமானமும் பறப்பது புதிதில்லை. 2009-இல் ஐஎன்எஸ் பருந்து ஆன கடற்படை விமானத்தளம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் சுகோய் என்றால் தஞ்சாவூர். 2020 ஜனவரி 20-ஆம் தேதி அங்கே விமானப்படையின் 222-ஆவது ஸ்குவாட்ரன், அதாவது விமானப் படைப்பிரிவு, சுகோய் 30 எம்கேஐ போர் விமானங்களோடு வந்து இறங்கியது. தென்னிந்தியாவில் அமைந்த முதல் சுகோய் ஸ்குவாட்ரன் அது. வயிற்றுக்கு அடியில் பிரம்மோஸ் ஏவுகணையோடு பறக்கும் அந்த விமானத்தைத்தான் 1/32 அளவில், அதாவது 32-இல் ஒரு பங்காகச் சுருக்கிய பிளாஸ்டிக் மாடலாகச் செய்யப் போகிறோம்.

உண்மையான விமானத்தின் நீளம் 21.935 மீட்டர், இறக்கையின் அகலம் 14.7 மீட்டர். 32-ஆல் வகுத்தால் 68 சென்டிமீட்டருக்கு மேல் நீளம், 46 சென்டிமீட்டர் அகலம். மேசையில் பாதியை இதுவே பிடித்துக்கொள்ளும். இவ்வளவு பெரிய மாடலில் ஒரு வளைவு தப்பினாலும் அறை வாசலிலிருந்தே கண்ணில் படும். அதனால் இந்த வீடியோவில் காக்பிட்டுக்குக் கொஞ்ச நேரம்தான் தருவேன். உருவத்தை மாற்றும் வேலைக்கு நிறைய நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

[காட்சி: இரண்டு வரைபடங்கள் பக்கத்தில் பக்கத்தில்.]

கையில் இருப்பது டிரம்பெட்டர் நிறுவனத்தின் சுகோய் 30 எம்கேகே கிட், அதாவது ஒட்டிச் சேர்க்கும் பாகங்கள் அடங்கிய பெட்டி. எம்கேகே சீன விமானப்படைக்காகச் செய்தது, எம்கேஐ நமக்காகச் செய்தது. இரண்டிலும் இரண்டு இருக்கை, மூக்குச் சக்கரம் இரண்டிலும் ஜோடி. பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்? ரஷ்யாவில் இரண்டு தொழிற்சாலைகள் இவற்றைத் தனித்தனியாக வளர்த்தன. எம்கேகே வந்தது கொம்சொமோல்ஸ்க் தொழிற்சாலையிலிருந்து, எம்கேஐ வந்தது இர்குட்ஸ்க்கிலிருந்து. இர்குட்ஸ்க்காரர்கள் பழைய இரட்டை இருக்கைப் பயிற்சி விமானத்தை வைத்துத் தொடங்கினார்கள், வால் துடுப்பும் அதே பாணியில் நின்றுவிட்டது. கொம்சொமோல்ஸ்க்கில் உயரமான, தடித்த, உள்ளே எரிபொருள் நிரப்பும் துடுப்பை வைத்தார்கள். அதன் மேல்நுனி தட்டையாக இருக்கும். நம்முடையதில் நுனி சாய்வாக வெட்டியிருக்கும்.

ஆக, மாற்ற வேண்டியவை மூன்று. வால் துடுப்பு, முன்னால் உள்ள குட்டி இறக்கைகளான கேனார்ட், பின்னால் இன்ஜினின் வெப்பக்காற்று வெளியேறும் வாயான நாசில்.

வால் துடுப்பு எளிது. வரைபடத்தை 1/32-க்கு பிரின்ட் எடுத்து, துடுப்பின் மேல் ஒட்டி, ரேஸர் ரம்பத்தால் வெட்டுங்கள். கத்தியால் அழுத்தி வெட்டினால் பிளாஸ்டிக் விளிம்பு பிதுங்கிவிடும். அப்புறம் 400 நம்பர் உப்புத்தாளில் தடிமனைக் கொஞ்சம் குறையுங்கள். அவ்வளவுதான்.

கேனார்ட்தான் உண்மையான வேலை.

[காட்சி: விமானத்தின் தோள்பகுதி, பக்கவாட்டில் விளக்கு வெளிச்சம்.]

நிறைய பேர் குட்டி இறக்கையை மட்டும் செய்து எம்கேகே உடம்பில் ஒட்டிவிடுகிறார்கள். பார்த்தவுடன் ஏதோ சரியில்லை என்று தெரியும், எது என்று சொல்ல வராது. காரணம் என்னவென்றால், உண்மையான விமானத்தில் கேனார்ட் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. இறக்கையின் வேர் காக்பிட்டை நோக்கி ஒரு மெல்லிய விளிம்பாக நீண்டு வருகிறது அல்லவா, அந்த இடத்தையே இன்னும் அகலமாக்கி, கேனார்டின் அச்சைத் தாங்குகிற மாதிரி திருத்தியிருக்கிறார்கள். தோள் மாறாமல் கேனார்ட் மட்டும் வந்தால் விமானம் மெலிந்துபோய்த் தெரியும்.

தோளை இப்படிக் கட்டுங்கள். 1 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டில் இடது தோளின் வடிவத்தை வெட்டுங்கள். அதையே திருப்பிப் போட்டு வலது பக்கத்துக்கும் வரையுங்கள். இரண்டையும் தனித்தனியாக வரைந்தால் நிச்சயம் ஒத்துவராது. கிட்டின் விளிம்பை வெட்டி எடுத்துவிட்டு, ஷீட்டை ஒட்டி, மேலும் கீழும் எபாக்ஸி புட்டி வைத்துப் பட்டி பாருங்கள். காய்ந்ததும் மூக்கு நுனியிலிருந்து வால் வரை நடுவில் ஒரு தங்கூசி நரம்பை, அதாவது நைலான் தூண்டில் நூலை, இழுத்துக் கட்டுங்கள். அந்த நரம்பிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே தூரம் வருகிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கடற்கரையில் தங்கூசிக்குப் பஞ்சமில்லை, மெல்லியதாகவும் நேராகவும் நிற்கும்.

அடுத்தது வெளிச்சம். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் தரையோடு தரையாகப் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் எல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். அதோடு கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பாம்பனிலும் மண்டபத்திலும் ஃபைபர் படகு கட்டுகிறவர்கள் கையால் தடவியே வளைவைப் பிடிப்பார்கள். அந்தப் பழக்கம் இந்த வேலைக்கும் வேண்டும்.

படகுப் பட்டறை என்றதும் ஒரு முக்கியமான எச்சரிக்கை. அங்கே கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசினை வாங்கி வந்து கிட்டின் மேல் பூசாதீர்கள். அந்த ரெசினில் ஸ்டைரீன் கலந்திருக்கும், நம் கிட்டோ பாலிஸ்டைரீன். பிளாஸ்டிக் இளகிக் கரைந்துவிடும். கிட்டின் மேல் நேராக வைப்பதற்கு எபாக்ஸி மட்டும்தான் சரி.

இப்போது நாசில். இங்கே நிற்கும் அழகு வேறு எந்த ஜெட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

[காட்சி: பின்புறத் தோற்றம். அம்புக்குறிகள் நாசில் அசையும் திசையைக் காட்டுகின்றன.]

எம்கேஐ-யில் இருப்பது ஏஎல்-31எஃப்பி இன்ஜின். இதன் நாசில் 15 டிகிரி வரை மேலும் கீழும் திரும்பும். ஆனால் நேர் மேல், நேர் கீழ் கிடையாது. அசையும் தளமே 32 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால்தான் இடது நாசில் ஒரு பக்கமும் வலது நாசில் எதிர்ப்பக்கமும் திரும்பும்போது, விமானம் மூக்கைத் தூக்குவதோடு நிற்காமல், பக்கவாட்டிலும் திரும்பவும் புரளவும் முடிகிறது. மாடலில் இதை விட்டுவிட்டு இரண்டு நாசிலையும் நேராகக் கீழே சாய்த்து ஒட்டினால், அந்த விமானத்தின் சிறப்பே போய்விடும். தரையில் நிறுத்தி வைத்த எம்கேஐ-யின் படங்களைப் பாருங்கள், நாசில் தளர்ந்து கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். மாடலும் நிற்கும் விமானம்தான் என்றால் அப்படியே வையுங்கள்.

செய்யும் முறை: கிட்டின் நாசில் இதழ்களை வெட்டி எடுங்கள். இன்ஜினுக்கும் இதழ்களுக்கும் நடுவே ஒரு வளையம் வரவேண்டும், நாசில் திரும்பும் மூட்டு அதுதான். பிளாஸ்டிக் குழாயில் ஒரு வளையம் மட்டும் கவனமாகச் செய்து, சிலிகான் ரப்பரில் அச்சு எடுத்து, அதிலிருந்து இரண்டு வார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் அச்சு அசலாக இருக்கும். ஒட்டும் முன் அட்டையில் 32 டிகிரி முக்கோணம் ஒன்று வெட்டிப் பின்னால் வைத்து, சாய்வைச் சரிபாருங்கள்.

காக்பிட்டைப் பொறுத்தவரை, அதன் பின்னிருக்கை ஒரு படி உயரம் என்பதையும், எம்கேஐ-யில் பழைய முள் மீட்டர்களின் இடத்தைப் பெரும்பாலும் வண்ணத்திரைகள் பிடித்துவிட்டன என்பதையும் நினைவில் வைத்தால் போதும். வலது தோளில் 30 மில்லிமீட்டர் பீரங்கியின் வாய் இருக்கும். அதைச் சுற்றியுள்ள தகட்டுக்குச் சாம்பல் பெயின்ட் வேண்டாம், வெறும் உலோக நிறம் கொடுங்கள்.

உடம்பை மூடுவதற்கு முன் ஒன்று. பாகங்களை டேப் போட்டுச் சேர்த்து, சக்கரத்தில் நிறுத்திப் பாருங்கள். பின்பக்கம் சாய்ந்தால் மூக்குக்குள் எடை வேண்டும். வலையில் கோக்கும் ஈயக்குண்டு இதற்குப் போதும். ஆனால் ஈயத்தைப் பெவிகால் மாதிரி வெள்ளைப் பசையில் ஒட்டாதீர்கள். நாளடைவில் ஈயம் வெள்ளையாகப் பூத்து உப்பி, மூக்கையே பிளந்துவிடும். அதுவும் நம் ஊர் ஈரக்காற்றில் கேட்கவே வேண்டாம். எபாக்ஸியில் முழுக்க மூடிவிடுங்கள்.

பெயின்ட்டுக்கு வருவோம். கடற்கரையில் ஏர்பிரஷ் பிடிக்கிறவர்களுக்கு முதல் பகை ஈரம். லாக்கர் பெயின்ட் வேகமாக உலரும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, வெள்ளையாகப் புகை படர்ந்துவிடும். வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல் அடியுங்கள். மெதுவாக உலரும் ரிட்டார்டர் தின்னர் சேருங்கள். கம்ப்ரசர் குழாயில் தண்ணீர் பிடிக்கும் கிண்ணம் கட்டாயம். கச்சான் காற்று அடிக்கும் நாளில் ஜன்னலைத் திறக்கவே திறக்காதீர்கள், ஈரப் பெயின்ட்டில் மணல் ஒட்டிவிடும்.

உடம்பு முழுக்க ஒரே சாம்பல் நிறம். ஆனால் ஒரே அடியில் அடித்தால் பொம்மை மாதிரி ஆகிவிடும். கறுப்பு பிரைமரின் மேல் சாம்பலை மெல்லிய படலமாக, திட்டுத் திட்டாக ஏற்றுங்கள். இன்ஜினைச் சுற்றிய தகடுகள் வெறும் உலோகம். அங்கே வெள்ளியும் பழுப்பும் லேசான நீலமும் சேர்ந்து வெப்பம் பட்ட சாயல் வரவேண்டும். சக்கர வட்டு பச்சை.

தகட்டுக் கோடுகளைக் கறுப்பு மையால் நிரப்பும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாடலில் 0.3 மில்லிமீட்டர் கோடு என்றால் உண்மையான விமானத்தில் கிட்டத்தட்ட 1 சென்டிமீட்டர் இடைவெளி. அதைக் கறுப்பாக்கினால் விமானம் துண்டு துண்டாகத் தெரியும். உடம்பின் சாம்பலை விட ஒரு படி கருமையான சாம்பல் போதும். துரு நிறமும் வேண்டாம். விசைப்படகுகளில் வழியும் செந்துருவைத் தினமும் பார்த்துப் பழகிய கைக்கு அதைப் போடத் தோன்றும். ஆனால் அலுமினியம் செந்துருப் பிடிக்காது, அரித்தால் வெள்ளைப் பொடியாகத்தான் பூக்கும்.

விமானப்படை வட்டத்தில் வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை. இந்தச் சின்னங்களை ஒட்டும் ஸ்டிக்கரான டெக்காலுக்கு முன்னும் பின்னும் பளபளக்கும் கிளாஸ் வார்னிஷ், கடைசியில் பளபளப்பில்லாத மேட்.

[காட்சி: வயிற்றுக்கு அடியில் ஏவுகணை பொருந்துகிறது.]

பிரம்மோஸை நாமே செய்துவிடலாம். விமானத்திலிருந்து ஏவும் ரகத்தின் எடை சுமார் 2.5 டன், நீளம் 8 மீட்டரை ஒட்டி வரும். 2017 நவம்பர் 22-இல் வங்காள விரிகுடா மேல் சுகோயிலிருந்து முதன்முதலாக ஏவினார்கள். 1/32-இல் 25 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் விட்டம். எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 20 மில்லிமீட்டர் பிவிசி குழாய் கச்சிதமாகப் பொருந்தும். மூக்குக்கு ஒரு மரத்துண்டை டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு, உப்புத்தாளில் உருவம் கொடுங்கள். இவ்வளவு கனமான ஏவுகணையை விமானம் ஒன்றே ஒன்றுதான் சுமக்கும். இடம் இரண்டு இன்ஜினுக்கும் நடுவே, வயிற்றின் மையக் கோட்டில். இறக்கையில் தொங்கவிடாதீர்கள்.

கேனார்டையும் ஏவுகணையையும் பசை போட்டு நிரந்தரமாக ஒட்ட வேண்டாம். 1 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை முளையாக வைத்து, கழற்றி மாட்டுகிற மாதிரி விடுங்கள். ராமநாதபுரத்திலோ மதுரையிலோ கண்காட்சிக்கு எடுத்துப் போக வேண்டும் என்றால், 68 சென்டிமீட்டர் விமானத்தோடு பஸ்ஸில் ஏறும்போது முதலில் உடைவது கேனார்ட்தான். தனிப் பெட்டியில் பஞ்சு சுற்றி வைத்துவிட்டால் போன இடத்தில் செருகிக்கொள்ளலாம்.