தகவல்: குடும்பத்தினர்

(எங்கள் வாசிகசாலையின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது. குறிப்புகளை வைத்துத் திரும்ப எழுதியிருக்கிறேன், சில இடங்களில் பேசியதைவிடக் கொஞ்சம் நீண்டுவிட்டது.)

ஐயாமார், அம்மாமார், தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

விளம்பரங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் ஆட்கள் ஒரு சொல்லும் தவறவிடாமல் கேட்கிற விளம்பரம் எது என்று யோசித்துப் பார்த்தேன். மரண அறிவித்தல்தான். காசு கட்டித்தான் அதைப் போடுகிறோம், இடத்துக்கும் நேரத்துக்கும் கணக்குப் பார்த்துத்தான் காசு வாங்குகிறார்கள், அப்படியென்றால் அதுவும் விளம்பரம்தானே. றேடியோவில் அந்த இசை தொடங்கியதும் குசினியில் நிற்கிற அம்மா அகப்பையைப் பிடித்தபடியே அசையாமல் நிற்பார். எந்த ஊரைப் பிறப்பிடமாகக் கொண்டவர், எந்த ஊரை வதிவிடமாகக் கொண்டவர், யாருடைய அன்பு மகன், யாருடைய பாசமிகு கணவர், பிள்ளைகளில் யார் கனடா, யார் சுவிஸ், கிரியை எத்தனை மணிக்கு, தகனம் எந்த மயானத்தில். எல்லாம் சொல்லி முடித்துக் கடைசியில் 'தகவல்: குடும்பத்தினர்' என்று வரும், பத்திரிகையில் என்றால் தொலைபேசி இலக்கமும் இருக்கும். அரை நிமிடத்தில் ஒரு மனிதரை ஊரோடும் உறவோடும் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள், சொல்கிறவர் யார் என்பதையும் மறைக்கவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற விளம்பரங்களைப் பார்ப்போம். என்னோடு பேசுகிறவர் யார், என்னைத் தெரிந்துதான் பேசுகிறாரா, நாளைக்கு ஏதும் பிழைத்தால் எந்தப் படலையைத் தட்டலாம்? இந்த மூன்று கேள்விதான் இண்டைக்கு என் பேச்சு முழுவதும்.

இங்கே இருக்கிற மூத்தவர்களுக்கு இலங்கை வானொலியின் வர்த்தக சேவையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 1950இல் தொடங்கியது. 1952இல் இந்தியாவில் அமைச்சர் கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகளுக்குத் தடைபோட்டபோது அந்த நேயர்கள் எல்லாம் கொழும்பைத் திருப்பிக் கேட்கத் தொடங்கினார்கள், அவர்களுக்குப் பின்னாலேயே இந்தியக் கம்பனிகளின் விளம்பரங்களும் கடல் தாண்டி வந்தன. கோபால் பற்பொடி விளம்பரம் இப்போதும் எத்தனை பேருக்கு மனப்பாடம்! அதில் இலங்கையின் பெயரும் வரும், அந்தப் பெயருக்காகவே காத்திருந்து கேட்டவர்கள் இருக்கிறார்கள். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களின் குரல்களை வைத்தே ஆட்களை வீட்டுக்காரர் போல நினைத்தோம். விற்றது பற்பொடிதான், ஆனால் விற்ற குரலுக்கு ஒரு முகவரி இருந்தது.

உள்ளூரிலும் அப்படி ஒருவர் இருந்தார். மில்க்வைற் சவர்க்காரத்தைச் செய்த கனகராசா ஐயா, 'மில்க்வைற் செய்தி' என்று ஒரு மாத இதழை வெளியிட்டார், பனம்விதை நடச்சொல்லி ஊரூராக மினக்கெட்டார். அதனால் சவர்க்காரமும் விற்றிருக்கும், விற்கட்டும். தான் யார் என்று ஊருக்குக் காட்டிக்கொண்டு விற்றார், அதுதான் எனக்குப் பெரிது.

பிறகு வந்தது தொண்ணூறுகள். யுத்தத்தால் 1990இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனது. பற்றரிக்குத் தடை. சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடு. பத்திரிகைகள் கொப்பித் தாளில் அச்சான காலம். எங்கள் வீட்டு முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து அண்ணா பெடலைக் கையால் சுற்றுவார், டைனமோவில் இருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுத்திருந்தோம். கை சளைத்தால் குரலும் சளைக்கும். ஒரு நாள் செய்திக்காகக் காத்திருந்தபோது சவர்க்கார விளம்பரம் ஒன்று வந்தது, நுரை, வாசம், பளிச்சென்ற வெள்ளை என்று ஒரு பெண் குரல் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருக்க, கிணற்றடியில் அம்மா எங்கள் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளுக்குப் பனம்பழக்களி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அண்ணா சுற்றுவதை நிறுத்தினார், விளம்பரம் முடிந்திருக்கும் என்று எண்ணி மறுபடி சுற்றினார். அந்தக் குரல் எங்களோடு பேசவில்லை என்று எனக்கு அண்டைக்கு விளங்கியது. வயது அப்போது பத்துக்கூட இல்லை.

2002இல், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை திறந்தது. லொறிகளோடு விளம்பரங்களும் வந்தன. 2006இல் பாதை மூடி, யுத்தம் முடிந்து மறுபடி திறந்த பிறகு வந்தது வெள்ளம்தான். வங்கி, போன், லீசிங், சீமெந்து, பால்மா. ஆஸ்பத்திரி வீதியில் தலை நிமிர்த்தினால் பலகை. தவறு என்று சொல்லவில்லை, இருபது வருசம் ஒன்றுமில்லாமல் இருந்த ஊருக்குக் கடைகள் வந்ததில் எனக்கும் சந்தோசம்தான். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் கம்பனிக்காரர் பந்தல் போட்டு, வேட்டி கட்டி நிற்கிறார்கள், வரட்டும். ஆனால் அந்தப் பலகைகளின் தமிழைப் பாருங்கள். யாரோ வேறு மொழியில் எழுதியதை, யாரோ அவசரத்தில் மாற்றி, தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவர் அடுக்கி அனுப்பியிருக்கிறார். தமிழைச் சேர்க்கத் தெரியாத மென்பொருளில் 'கொ' என்று போட்டால் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், அரவு ஒரு பக்கமாகத் தெறித்து நிற்கும். இருபதடி உயரத்தில் அதைத் தொங்கவிடுவதற்கு முன் ஒரு தமிழரைக் கூப்பிட்டு, சரியோ என்று கேட்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைக்கூட எங்களுக்காகச் செலவழிக்காதவரிடம் எங்கள் காசைக் கொடுக்கிறோம்.

எங்கள் சந்தியில் பெயர்ப்பலகை எழுதுகிற ஒரு ஐயா இருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நின்று பார்ப்பேன். முதலில் சுண்ணாம்புத் தூள் பிடித்த நூலை இரண்டு முனையிலும் இழுத்து ஒரு தட்டு, பலகையில் வெள்ளைக்கோடு விழும். ஒரு தடியை மார்பிலும் பலகையிலும் சாத்தி, அதன்மேல் மணிக்கட்டை வைத்துத்தான் தூரிகையைப் பிடிப்பார், 'ழ'வின் வாலை இழுக்கும்போது மூச்சை அடக்குவார். ஐந்து எழுத்து எழுதினால் இறங்கி வந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்ப்பார். ஏன் ஐயா என்று கேட்டேன். "எழுத்து அங்கால நிண்டு வாசிக்கிறவனுக்குத்தானே தம்பி, அவன்ர இடத்தில நிண்டு பாக்க வேண்டாமே?" என்றார். பிளெக்ஸ் வந்ததும் அவருக்கு வேலை போனது. கம்பியூட்டரில் அடிப்பதில் எனக்குக் கோபமில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கிற ஆள்தான் இப்போது இல்லை.

முகக்கிறீம் விளம்பரங்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 1975இல் இந்தியாவில் வந்த ஃபெயார் அண்ட் லவ்லி, 2020இல் க்ளோ அண்ட் லவ்லி என்று பெயரை மாற்றிக்கொண்டது. கம்பனியே அந்தச் சொல்லைக் கைவிட்ட பிறகும் நாங்கள் 'மணமகள் தேவை' பகுதியில் காசு கட்டி நிறம் கேட்கிறோம் என்றால், அது எங்கள் வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது.

எனக்கு நெஞ்சு எரிகிறது வேறு இரண்டு விளம்பரங்களில். கடன் ஒன்று, வெளிநாடு மற்றது. இவை எங்களைத் தெரிந்து எழுதப்பட்டவை, அதுதான் ஆபத்து. எந்த வீட்டில் ஆம்பிளை இல்லை, எந்தப் பெடியன் படிப்பு முடித்து வேலையில்லாமல் திரிகிறான் என்று அறிந்து எழுதுகிறார்கள். 'இன்றே பணம்' என்பது தலையளவு எழுத்தில், வட்டி எறும்பளவில். நுண்கடனில் எத்தனை பெண்கள் கிழமைக்குக் கிழமை தவணைக்காரருக்கு ஒளித்து வாழ்ந்தார்கள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும், வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த கடன்களுக்கு 2018இல் அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. சிகரெட்டுக்கும் சாராயத்துக்கும் விளம்பரம் கூடாது என்று 2006இல் சட்டம் போட முடிந்த நாட்டில், சிகரெட் பெட்டியில் 80 வீதத்தை எச்சரிக்கைப் படத்துக்கு எடுக்க முடிந்த நாட்டில், கடன் நோட்டீசில் வட்டியைப் பெரிய எழுத்தில் போடச்சொல்ல ஏன் முடியாது? கேட்க வேண்டும், திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.

வெளிநாட்டுக் கதை என் சொந்தத்தில் நடந்தது. தம்பி முறையான ஒருவன், பத்திரிகைக்குள் செருகி வந்த நோட்டீஸ் ஒன்றைப் பார்த்துப் போனான். 'விசா நிச்சயம்' என்று இருந்தது, சிவப்பு இலை போட்ட கொடி இருந்தது, ஒரு கைத்தொலைபேசி இலக்கம் இருந்தது. தாயின் தாலிக்கொடி அடகுக்குப் போனது. ஏழு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்த அறையில் தையல் வகுப்பு நடக்கிறது. அந்த நோட்டீசை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். ஆள் பெயர் இல்லை, பதிவு இலக்கம் இல்லை, வீதி இலக்கமும் இல்லை. சித்தி அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "செத்த வீட்டு நோட்டீசில கூடத் தகவல் எண்டு ஒருத்தற்ர பேர் இருக்குமே" என்றார்.

ஆகவே வாசிகசாலையிடம் ஒன்று கேட்கிறேன். உள்ளே ஒரு பலகை வையுங்கள். கடன், வெளிநாடு, மாதம் இத்தனை லட்சம் உழைக்கலாம் என்று வருகிற நோட்டீசுகளைக் கொண்டுவந்து ஒட்டுவோம். பக்கத்தில் ஒருவர் பேனையால் எழுதட்டும்: வட்டி எவ்வளவு, பதிவு உண்டா, அலுவலகம் எங்கே, போய்ப் பார்த்தது யார். பின்னேரம் பேப்பர் பார்க்க வருகிறவர்கள் அதையும் பார்ப்பார்கள்.

முதலாவதை நானே ஒட்டிவிட்டேன். போன கிழமை பேப்பருக்குள் வந்தது, வேறு பெயர், வேறு கொடி, தம்பியிடம் இருந்த அதே தொலைபேசி இலக்கம். வெளியே போகும்போது பாருங்கள், பத்திரிகை மேசைக்கு மேலே இருக்கிறது.