அடி தாங்காமல் வந்த சகோதரியை "மன்னித்துத் திரும்பிப் போ" என்று அனுப்பலாமா?

இன்றைக்கு எடுத்துக்கொள்கிற கேள்வியை முதலில் வாசிக்கிறேன். ஒரு கிராமத்துச் சபையில் பெண்கள் ஐக்கியத்தை நடத்துகிற சகோதரி கேட்டிருக்கிறார்: "எங்கள் சபையில் ஒரு பெண், கணவனின் அடி தாங்காமல் பிள்ளைகளோடு தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். கணவனும் எங்கள் சபையார்தான். இப்போது அவர் அழுது மன்னிப்புக் கேட்கிறார். அவளைத் திரும்பிப் போகச் சொல்லும்படி போதகர் சொல்லுகிறார். அடுத்த வாரம் மூப்பர்கள் முன்னிலையில் சமாதானம் பேசப்போகிறார்கள். அவளோ ஆராதனைக்கு வந்தாலே நடுங்குகிறாள், ஜெபிக்க முடியவில்லை என்கிறாள். இது விசுவாசக் குறைவா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?"

சகோதரி, மன்னிப்பதும் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவதும் இரண்டு வேறு காரியங்கள். இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்துப் பேசுவதால்தான் நம்முடைய சபைகளில் அடிபட்டவர்கள் மறுபடியும் அடிபடுகிறார்கள். இதை என் சொந்தக் கருத்தாகச் சொல்லவில்லை. தாவீதுக்கும் சவுலுக்கும் நடந்ததை வேதாகமத்தில் ஒன்று சாமுவேல் 18-ஆம் அதிகாரத்திலிருந்து 27 வரைக்கும் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள்.

சவுல் தாவீதுக்கு ராஜா, மாமனாரும்கூட. தாவீது அவனுடைய பந்தியில் உட்காருகிறவன். அந்த வீட்டுக்குள்ளேதான் ஈட்டி எறியப்படுகிறது. 19-ஆம் அதிகாரத்தில் சவுலின் மகனும் தாவீதின் சிநேகிதனுமான யோனத்தான் நல்ல மனதோடு நடுவில் நின்று பேசுகிறான். தாவீதைக் கொலைசெய்வதில்லை என்று சவுல் கர்த்தருடைய ஜீவனைக்கொண்டு ஆணையிடுகிறான். அந்த ஆணையை நம்பித் தாவீது திரும்பி வந்து முன்போலவே அவன் சமுகத்தில் இருக்கிறான். அதே அதிகாரத்தின் பத்தாவது வசனத்தில் ஈட்டி மறுபடியும் பறந்து சுவரிலே படுகிறது. அன்றைக்குப் பொல்லாத ஆவி என்று ஒரு காரணம் இருந்தது, இன்றைக்குக் குடி என்கிறார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் எறியப்பட்டது ஈட்டிதான். அந்த இரவே தாவீது தப்பி ஓடினான். அவன் ஓடியதை விசுவாசக் குறைவு என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை.

பிறகு 24-ஆம் அதிகாரத்தில் சவுல் சத்தமிட்டு அழுகிறான், நீ என்னைப் பார்க்கிலும் நீதிமான் என்கிறான். அந்தக் கண்ணீர் உண்மையாகவே வந்திருக்கலாம். ஆனாலும் 26-ஆம் அதிகாரத்தில் அதே சவுல் மூவாயிரம் பேரோடு தாவீதைத் தேடி வருகிறான். தூங்கிக்கொண்டிருந்த சவுலைத் தாவீது கொல்லவில்லை, பழிவாங்குதலைக் கர்த்தரிடத்தில் விட்டுவிட்டான். மன்னிப்பு என்பதற்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்? அப்போது சவுல், "நான் பாவஞ்செய்தேன், என் குமாரனாகிய தாவீதே, திரும்பிவா" என்று கூப்பிடுகிறான். தாவீது என்ன செய்தான் என்று கவனியுங்கள். சவுல் தூங்கும்போது அவன் தலைமாட்டிலிருந்து தான் எடுத்து வைத்திருந்த ஈட்டியைக் கொடுக்கக்கூட அவன் அந்தப் பக்கம் போகவில்லை. வாலிபரில் ஒருவன் இப்புறம் வந்து வாங்கிக்கொண்டு போகட்டும் என்றான். பிறகு தன் வழியே போனான்.

ஆகையால் அந்தக் கணவர் அழுகிறார் என்பதை மட்டும் வைத்து அவளை அனுப்பாதீர்கள். மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனியைக் காலம்தான் காட்டும். குடிக்கிறவரானால் குடியை விட்டாரா, அதற்குச் சிகிச்சைக்குப் போனாரா, "அவள் வாய்தான் காரணம்" என்று சொல்வதை நிறுத்தினாரா, அவள் வரமாட்டேன் என்று சொன்னபோது அதைக் கோபமில்லாமல் ஏற்றுக்கொண்டாரா என்று மாதக்கணக்கில் பார்க்க வேண்டும். அவர் சபையில் பொறுப்பு ஏதாவது வகித்தால் அதிலிருந்து அவரை இப்போதே விலக்கிவைக்க வேண்டும். தள்ளிவிடுதலை, அதாவது விவாகரத்தை, வெறுக்கிறேன் என்ற மல்கியா 2:16-ஐ இந்தப் பெண்களிடம் சொல்லுகிறவர்கள், அந்த வசனத்தை முடியும்வரைக்கும் வாசிக்க வேண்டும். "அப்படிப்பட்டவன் கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறான்" என்றும் அதே வசனத்தில் இருக்கிறது.

அந்தச் சகோதரியின் நடுக்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பல வருடம் ஓங்கிய கைக்குப் பயந்து வாழ்ந்த சரீரம், ஆபத்து நீங்கிய பிறகும் அந்தப் பயத்தை உடனே விடுவதில்லை. நம்முடைய சபைகளில் ஜெபிக்கிற விதத்தை அவளுடைய இடத்திலிருந்து பாருங்கள். பின்னாலிருந்து ஒரு ஆண் வருகிறார், அவள் கண்களை மூடியிருக்கும்போது தலையில் கையை அழுத்தி வைத்து, மைக்கில் உரத்த சத்தமாய் ஜெபிக்கிறார். அவர் அன்பினால்தான் அப்படிச் செய்கிறார், ஆனால் அவள் சரீரம் அதை அடியாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் கேட்காமல் யாரும் அவளைத் தொட வேண்டாம். கதவுக்குப் பக்கத்தில் உட்காரவும், இடையில் எழுந்து போகவும் அவளை விடுங்கள். ஜெபிக்க முடியவில்லை என்றால் நீங்கள் அவளுக்காக 88-ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள். அது கடைசி வரியிலும் ஆறுதலுக்குத் திரும்பாத சங்கீதம், அதுவும் தேவனிடத்தில் ஏறெடுக்கப்பட்ட ஜெபம்தான். தூக்கமில்லாமலும் சாக வேண்டும் என்ற எண்ணத்தோடும் இருந்தால், தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியே பாகாயத்தில் மனநலச் சிகிச்சைக்கென்று ஒரு மையத்தை நெடுங்காலமாக நடத்திவருகிறது. மருந்து சாப்பிடுவது ஜெபத்துக்கு விரோதமானது என்று யாரும் அவளுக்குச் சொல்லிவிடக் கூடாது.

இன்னொன்று, எனக்கு மிகவும் வருத்தம் தருகிற காரியம். அவளுடைய பெயரை ஜெபக்குறிப்பாக வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். "இந்தச் சகோதரியின் குடும்பத்தில் சமாதானம் உண்டாக" என்று ஒரு வரி போட்டால், மாலைக்குள் ஊர் முழுவதும் விசாரிக்கத் தொடங்கிவிடும். சாட்சி சொல்லும்படியும் அவளைக் கேட்காதீர்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டுக்கு அரிசி, வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது கூட வர ஒரு ஆள், இவைதான் இப்போது அவளுக்குத் தேவை.

சட்டத்தைப் பற்றியும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விவாகரத்துக் கேட்காமலேயே அவள் பாதுகாப்பு உத்தரவும், குடியிருக்கும் உரிமையும், செலவுக்குப் பணமும் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். மாவட்டத்தில் இருக்கிற பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி கிடைக்கும். பிள்ளைகளில் யாருக்காவது பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரியவந்தால், அதைச் சபைக்குள்ளே பேசி முடிக்க எவருக்கும் அதிகாரமில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-லும் கூப்பிடலாம்.

அடுத்த வாரக் கூட்டத்துக்கு அவளை அழைத்துப்போகாதீர்கள். அடித்தவரையும் அடிபட்டவளையும் எதிரெதிரே உட்காரவைத்தால், அவள் உள்ளதைச் சொல்ல மாட்டாள். சொன்னால் வீட்டுக்குப் போன பிறகு அதற்கும் சேர்த்து அடி விழும் என்று அவளுக்குத் தெரியும். அவள் வரப்போவதில்லை என்பதை நீங்களே உங்கள் போதகரிடம் மரியாதையாகச் சொல்லி, மூப்பர்கள் அந்தக் கணவரை மட்டும் அழைத்துப் பேசும்படி கேட்டுக்கொள்ளுங்கள். போதகருக்கு இதில் சந்தேகம் இருந்தால், நான் சொன்ன அதிகாரங்களை அவரோடு உட்கார்ந்து வாசிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன் என்றும் அவரிடம் சொல்லுங்கள்.