அலமாரிக்குள் ஒரு பயறு

(காட்சி: மேசையில் ஊறிய பச்சைப்பயறு, ஈரப் பஞ்சு வைத்த இரண்டு கண்ணாடிக் குவளைகள்)

வணக்கம். "செடி வளர வெயில் வேண்டும், தண்ணீர் வேண்டும்" என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் சொன்னால், தலையை ஆட்டிவிட்டு விளையாடப் போய்விடும். அதனால் இன்றைக்குச் சொல்லித்தர வேண்டாம். பந்தயம் கட்டச் சொல்வோம்.

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் கிடைக்கும் முழுப் பச்சைப்பயறு போதும். ராத்திரி ஊறப்போட்டு, காலையில் குவளைக்கு நாலைந்தாகப் பஞ்சின்மேல் வையுங்கள். ஒரு குவளை சன்னலோரம். இன்னொன்று அலமாரிக்குள். இரண்டுக்கும் தினமும் ஒரே அளவு தண்ணீர். சரி, எது உயரமாக வளரும்? எல்லாரும் சன்னலைத்தான் காட்டுவார்கள், பெரியவர்கள் உட்பட.

(காட்சி: ஒரு பயறு, மிக அருகில்)

தோல் வெடித்து வெள்ளையாக ஒரு முனை தெரிகிறதா? தண்டு என்று நினைத்துவிடாதீர்கள், இது வேர். குவளையைச் சாய்த்து வைத்தாலும் வளைந்து கீழேதான் போகும். அப்புறம் தண்டு, கழுத்தை வளைத்துக்கொண்டு இரண்டு பருப்புகளையும் மேலே தூக்கிவரும். இந்தப் பருப்புதான் குட்டிச்செடியின் கட்டுச்சோறு. இலை விரிந்து, வெளிச்சத்தில் தானே உணவு தயாரிக்கும்வரை இதைத்தான் சாப்பிடும். நாளாக ஆகப் பருப்பு சுருங்குவதைப் பிள்ளைகளே தொட்டுப் பார்க்கட்டும்.

(காட்சி: ஐந்தாம் நாள். அலமாரிக் கதவு திறக்கிறது)

ஜெயித்தது அலமாரிச் செடி! ஆனால் ஆளைப் பாருங்கள்: ஒல்லி, வெளிர்மஞ்சள், இலை சரியாக விரியவே இல்லை. வெளிச்சத்தை எட்டிப் பிடிக்க, இருந்த சாப்பாட்டை உயரத்துக்கே செலவழித்துவிட்டது. சன்னல் செடி குட்டை. ஆனால் தண்டு உறுதி, இலை பச்சை. மீ கோரெங் என்னும் வறுத்த நூடுல்ஸில் கிடக்கும் தவ்கே என்ற முளைப்பயறும் இப்படி இருட்டில் வளர்த்த பச்சைப்பயறுதான். இதைக் கேட்டதும் பிள்ளைகள் அடுத்த தட்டு மீயைக் கிளறிப் பார்க்காமல் சாப்பிட மாட்டார்கள்!

மஞ்சள் செடியைத் தூக்கிப் போட வேண்டாம். சன்னலுக்கு மாற்றினால் ஓரிரு நாளில் பச்சை ஏறும். பஞ்சில் சத்து கிடையாது; இலை விரிந்ததும் மண் தொட்டிக்கு மாற்றி, வெயில் படும் தாழ்வாரத்தில் வையுங்கள். தொட்டியடித் தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், டெங்கிக் கொசுவுக்கு அதுவே போதும். மஞ்சள் பூ பூத்து, காய் முற்ற இரண்டு மாதம் போல ஆகும்.

அதுவரை பொறுக்காத பிள்ளைகளைத் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் இருக்கும் ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டத்துக்கு அழைத்துப் போங்கள். நுழைவு இலவசம். பிள்ளை இல்லாமல் பெரியவர்கள் மட்டும் போனால் உள்ளே விடமாட்டார்கள்.