பிடிபட்டவனைத் துரத்தாதீர்கள்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போதைப்பொருள் எடுத்துப் பிடிபட்ட விளையாட்டு வீரரை அவருடைய கிளப் வெளியேற்ற வேண்டுமா, மீட்டெடுக்க வேண்டுமா? இதுதான் இன்றைய தலைப்பு. மீட்டெடுக்க வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் மூன்று வாதம் வைத்தார். வீரர்களைப் பார்த்துத்தான் பிள்ளைகள் வளர்கிறார்கள் என்றார். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்தை மீறுவது துரோகம் என்றார். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும், ஒருவரை விட்டுவைத்தால் அணியே கெட்டுவிடும் என்றார். நன்றாகத்தான் பேசினார். கைதட்டலும் கிடைத்தது. ஆனால் அந்த வீரருக்கு அடுத்த நாள் காலையில் என்ன ஆகும் என்பதை மட்டும் அவர் சொல்லவே இல்லை. அங்கிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு குழப்பம் தீர வேண்டும். தசையை வளர்க்க ஸ்டீராய்டு போட்டுக்கொள்பவர் எதிரே ஆடுபவரை ஏமாற்றுகிறார். அவருக்காக நான் ஒரு வார்த்தையும் பேசப்போவதில்லை. நாம் பேசுவது, ஆட்டம் இல்லாத நாளில் ஏதோ ஒரு பார்ட்டியில் கோகைன் இழுத்தவரைப் பற்றி, தூக்கம் வராமல் கஞ்சா பிடித்தவரைப் பற்றி. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவே இந்த இரண்டு பேரையும் பிரித்துத்தான் பார்க்கிறது. கோகைன், ஹெராயின், எக்ஸ்டசி, கஞ்சா ஆகியவற்றுக்கு 2021 முதல் தனி விதி வைத்திருக்கிறார்கள். போட்டி நேரத்துக்கு வெளியே எடுத்தது, ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று வீரர் நிரூபித்தால் தடை 3 மாதம். சிகிச்சைத் திட்டத்தை முடித்தால் அது 1 மாதமாகக் குறையும். அதற்கு முன்பு இதே தவறுக்கு ஆண்டுக்கணக்கில் தடை போட வழியிருந்தது. உலகத்துக்கே ஊக்கமருந்துத் தடுப்பு விதி எழுதுகிற அமைப்பு, அனுபவத்தில் கற்று, தண்டனையைக் குறைத்துச் சிகிச்சையை உள்ளே கொண்டுவந்திருக்கிறது. கிளப்புகள் மட்டும் அதைவிடக் கடுமையாக இருக்க வேண்டும் என்கிறார்கள் எதிரணியினர். ஏன்?

இங்கிலாந்தில் ஹல் சிட்டி என்றொரு கால்பந்து கிளப். அதன் நடுக்கள வீரர் ஜேக் லிவர்மோர். 2015 ஏப்ரலில் கிரிஸ்டல் பேலஸ் அணியுடன் ஆடி முடித்ததும் எடுத்த சோதனையில் கோகைன் இருந்தது தெரிந்தது. எதிரணியின் கணக்குப்படி அன்றே அவர் கதை முடிந்திருக்க வேண்டும். கிளப் அவரை ஆடவிடாமல் நிறுத்தியது, சரிதான். அப்புறம் விசாரித்தார்கள். அவருக்குப் பிறந்த பச்சைக் குழந்தை 2014இல் இறந்துபோயிருந்தது. மனுஷன் அந்தத் துக்கத்தை யாரிடமும் இறக்கிவைக்காமல், வாரா வாரம் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஆடப் போயிருக்கிறார். இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் இரண்டு ஆண்டுவரை தடை விதித்திருக்கலாம். விதிக்கவில்லை. அவருடைய நிலைமையைப் பார்த்து, செப்டம்பரிலேயே ஆட அனுமதித்தது. மேலாளர் ஸ்டீவ் புரூஸ் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். 2017 மார்ச்சில் டார்ட்மண்டில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்து தேசிய அணியில் களமிறங்கினார் லிவர்மோர்.

நடுவர் அவர்களே, சோதனைக் குழாயில் கோகைன் தெரியும். செத்துப்போன குழந்தை தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கேட்டால்தான் தெரியும். ‘ஒப்பந்தம் ரத்து’ என்று முதல் நாளே கடிதம் கொடுத்துவிட்டால் அதை யார் கேட்பார்கள்?

சரி, துரோகம் என்ற வாதத்துக்கு வருகிறேன். எதிரணி சொல்ல நினைத்த உதாரணம் லண்டன் கால்பந்து கிளப்பான செல்சியா என்று எனக்குத் தெரியும், நானே சொல்லிவிடுகிறேன். ருமேனிய வீரர் அட்ரியன் முத்துவை 2003இல் பார்மா கிளப்பிடமிருந்து சுமார் 1 கோடியே 58 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். 2004இல் கோகைனில் சிக்கினார். அந்த அக்டோபரிலேயே வேலையை விட்டு நீக்கினார்கள். 7 மாதத் தடை. அதோடு விடாமல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். 2008இல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தகராறு தீர்வு அவை, முத்து 1 கோடியே 71 லட்சம் யூரோவுக்கு மேல் செல்சியாவுக்குக் கட்ட வேண்டும் என்றது. வழக்கு லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம், சுவிட்சர்லாந்து நீதிமன்றம், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் என்று 2018வரை நடந்தது.

சட்டம் செல்சியா பக்கம் நின்றது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நடந்ததைப் பாருங்கள். நீக்கப்பட்ட முத்துவை 2005 ஜனவரியிலேயே இத்தாலியக் கிளப்பான யுவென்டஸ் சேர்த்துக்கொண்டது. அடுத்து ஃபியோரென்டினா போனார், கோல் மேல் கோல் அடித்தார். விலை கொடுத்து வாங்கிய கிளப்புக்கு மிஞ்சியது பதினான்கு வருஷ வழக்கு. அவருடைய கால்கள் வேறு கிளப்புக்கு உழைத்தன. முதலாளியின் பணத்தைப் பற்றிக் கவலைப்படுகிற எதிரணி இந்தக் கணக்கையும் போட வேண்டும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போல ஆகிவிட்டது.

இன்னொன்று. முத்துவுக்குப் போக ஒரு யுவென்டஸ் இருந்தது. ரிசர்வ் அணியில் வாரச் சம்பளத்துக்கு ஆடுகிற 19 வயதுப் பையனுக்கு எந்த யுவென்டஸும் கதவைத் திறக்காது. வெளியேற்றும் விதி எல்லோருக்கும் ஒன்று என்று எழுதியிருக்கும். அடி விழுவது பெயர் இல்லாதவன் மீதுதான்.

பாலுக்கு விஷம் என்ற வாதம். இதைக் கேட்டதும் எனக்கு டாம் மேனார்டின் முகம்தான் ஞாபகம் வந்தது. இங்கிலாந்தின் சர்ரே கவுன்டி கிரிக்கெட் அணியின் துடிப்பான இளம் பேட்ஸ்மேன். 2012 ஜூன் மாதம், ஓர் அதிகாலையில் லண்டன் விம்பிள்டன் பார்க் நிலையத்துக்கு அருகே தண்டவாளத்தில் இறந்து கிடந்தார். வயது 23. காரைப் போலீஸ் நிறுத்தியதும் இறங்கி ஓடியிருக்கிறார். உடலில் மதுவோடு கோகைனும் எக்ஸ்டசியும் இருந்தன. முடியைச் சோதித்துப் பார்த்தபோதுதான் அது ஒரு நாள் பழக்கம் இல்லை, மாதக்கணக்கில் இருந்திருக்கலாம் என்று தெரிந்தது. மாதக்கணக்கில்! தினமும் வலைப்பயிற்சி, தினமும் உடற்பயிற்சி நிபுணர், தினமும் சக வீரர்கள். யாருக்குமே உதவி செய்யும் அளவுக்குத் தெரியவில்லை. தெரிந்தால் வாழ்க்கை போய்விடும் என்று பயப்படுகிறவன் எப்படி வாயைத் திறப்பான்?

அந்த மரணத்துக்குப் பிறகு இங்கிலாந்து கிரிக்கெட் வாரியமும் வீரர் சங்கமும் சேர்ந்து முடிச் சோதனையைக் கொண்டுவந்தன. முதல் முறை சிக்கினால் செய்தி வெளியே போகாது, ஆலோசனையும் சிகிச்சையும் கிடைக்கும். இரண்டாவது முறை சிக்கினால் 21 நாள் தடை. மூன்றாவது முறை ஓராண்டு. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு, வீரர்களோடு உட்கார்ந்து பேசி அவர்கள் எழுதிய விதி இது.

உடனே எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தங்கை, இங்கிலாந்து பேட்ஸ்மேன் அலெக்ஸ் ஹேல்ஸ் என்ன ஆனார் என்று கேட்டார். இரண்டாவது முறை சிக்கினார், 2019 உலகக் கோப்பை அணியிலிருந்து தூக்கினார்கள், இங்கிலாந்து கோப்பையை வென்றது, ஆகவே தூக்கியதுதான் சரி என்றார். அம்மா, விதிப்படி அவருக்குரிய தண்டனை 21 நாள். அதை அவர் அனுபவித்தார். செய்தி பத்திரிகையில் வந்த பிறகுதான் உலகக் கோப்பை அணியிலிருந்து பெயர் போனது. ரகசியம் காப்பாற்றப்படும் என்று நம்பிய வீரருக்கு அந்த ரகசியமும் போனது, இடமும் போனது. அவருடைய கவுன்டி அணியான நாட்டிங்காம்ஷயர் அவரை வைத்துக்கொண்டது என்பதையும் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். அதே ஹேல்ஸை மூன்று வருஷம் கழித்து வாரியமே கூப்பிட்டது. 2022 நவம்பர் 10, அடிலெய்டு, டி20 உலகக் கோப்பை அரையிறுதி. இந்தியா வைத்த 169 ரன் இலக்கை விக்கெட்டே விழாமல் 16 ஓவரில் எட்டினார்கள். ஹேல்ஸ் 47 பந்தில் ஆட்டமிழக்காமல் 86. நம் வீடுகளில் டிவி அணைந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. முடிந்துபோனவர் என்று எழுதப்பட்ட மனிதர் ஆடிய ஆட்டம் அது.

மீட்டெடுப்பது என்றால் மூடி மறைப்பது என்று எதிரணி நினைத்துக்கொண்டிருந்தால், அந்தக் கோபத்தில் நானும் பங்குகொள்கிறேன். ஆஸ்திரேலியக் கால்பந்தில் வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ் கிளப்பின் பென் கசின்ஸைப் பாருங்கள். 2005இல் ஆண்டின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கியவர். 2006 பிப்ரவரியில் போலீஸ் மதுச் சோதனை நடக்கும் இடத்தைப் பார்த்துக் காரை விட்டுவிட்டு ஓடினார். அணியின் கேப்டன் பதவி போனது. ஆனால் ஆட்டம் தொடர்ந்தது, அந்த ஆண்டு சாம்பியன் பட்டமும் வந்தது. 2007 மார்ச்சில் பயிற்சிக்கு வராமல் போனபோதுதான் கிளப் அவரை நிறுத்தியது. அமெரிக்காவுக்குச் சிகிச்சைக்குப் போய்த் திரும்பினார், சில மாதங்களில் ஆடவும் இறங்கினார். அக்டோபரில் கைதானதும் கிளப் அவரைக் கழற்றிவிட்டது. பின்னாளில் சிறைக்கும் போனார். ஜெயித்துக்கொண்டிருந்தவரை யாரும் அழுத்திக் கேட்கவில்லை, பெயர் கெட்டதும் வைத்துக்கொள்ளவும் இல்லை. இரண்டுமே கைவிடுவதுதான். நாங்கள் கேட்பது இந்த இரண்டையும் செய்யாத ஒரு கிளப்பை.

அப்படிப்பட்ட கிளப் என்ன செய்யும்? செய்தி தெரிந்த அன்றே வீரரை ஆட்டத்திலிருந்து நிறுத்தும். மருத்துவர் சொல்லும்வரை இறக்காது, இறுதிப் போட்டியாக இருந்தாலும் இறக்காது. சிகிச்சைச் செலவை ஏற்கும். குடும்பம் நடக்கிற அளவுக்காவது சம்பளம் கொடுக்கும். அறிவிக்காமல் சோதனை செய்துகொண்டே இருக்கும். சிகிச்சைக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தால், சக வீரருக்குச் சரக்கு சப்ளை செய்தால், அப்போது ஒப்பந்தத்தை முடிக்கட்டும், போலீசிடமும் போகட்டும். அதில் எங்களுக்கு மாற்றுக்கருத்து கிடையாது. விஷத்துளி என்றாரே தலைவர், அதைக் கொண்டுவந்து ஊற்றுகிறவன் அவன்தான்.

இது இளகிய மனசுக்காரர்களின் கற்பனையும் கிடையாது. நம் நாட்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 1985இல் வந்தது, எவ்வளவு கடுமையான சட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். அதிலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கி, தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை பெற்றால், அவர் மீது வழக்கு நடத்த வேண்டியதில்லை. பாதியில் விட்டால் அந்தச் சலுகையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சட்டமே மருத்துவமனைக்கு வழி விட்டிருக்கும்போது கிளப் கதவை அடைக்கலாமா?

பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றார் தலைவர். பார்க்கட்டும். தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் ககிசோ ரபாடாவைப் பார்க்கட்டும். 2025 ஐபிஎல்லில் குஜராத் டைட்டன்ஸுக்கு இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுத் திடீரென ஊருக்குப் போனார். சொந்தக் காரணம் என்றார்கள். ஒரு மாதம் கழித்து, போதைப்பொருள் சோதனையில் சிக்கியதாக அவரே அறிக்கை விட்டு மன்னிப்புக் கேட்டார். சிகிச்சை அமர்வுகளை முடித்தார், 1 மாதத் தடையை அனுபவித்தார், திரும்பி வந்தார். குஜராத் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அடுத்த மாதம் லார்ட்ஸ் மைதானத்தில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 5, இரண்டாவதில் 4 விக்கெட். 1998க்குப் பிறகு தென்னாப்பிரிக்கா வாங்கிய முதல் ஐசிசி கோப்பை அது. தப்புச் செய்தால் ஒத்துக்கொள்ளலாம், ஒத்துக்கொண்டால் உலகம் முடிந்துவிடாது என்று என் மகன் டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டான். நாளைக்கு அவன் ஒரு தப்பில் மாட்டினால் என்னிடம் வந்து சொல்ல வேண்டும். ஒளிக்கக் கூடாது. எனக்கு அதுதான் வேண்டும்.

நேரமாகிவிட்டதென்று மணி அடிக்கிறார்கள். ஒன்றே ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கபடிக் குழுவின் கமிட்டியில் நான் இருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். நல்ல ரைடர் ஒருவன், 18 வயது. அவன் பையில் கஞ்சாப் பொட்டலம் இருந்ததைப் பார்த்துவிட்டார்கள். அன்று ராத்திரியே கமிட்டி கூடியது. குழுவின் பெயர் கெட்டுவிடும், நீக்கிவிடலாம் என்றார்கள். கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன்.

மறுநாள் அவன் அம்மா என் வீட்டு வாசலுக்கு வந்தார். திட்டவில்லை, கெஞ்சவுமில்லை. “சார், சாயங்காலம் அஞ்சு மணி ஆனா கிரவுண்டுல இருப்பான்கிற நம்பிக்கையிலதான் நான் மில்லுல ரெண்டாவது ஷிப்டு பாக்குறேன். இனிமே அந்த நேரத்துல அவன் எங்க சார் போவான்?” என்று கேட்டார்.

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர், வெளியேற்றத்தான் வேண்டும் என்று வாதாடுவதற்கு முன்னால், அந்தத் தாய்க்கு ஒரு பதில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும் நடுவர் அவர்களே. வணக்கம்.