கடலைத் தொடர்ந்து இறங்கிய ஊர்: போர்த்துக்கலின் நசரே

நேயர்களுக்கு வணக்கம்.

போர்த்துக்கல் நாட்டின் மேற்குக் கரையில், தலைநகர் லிஸ்பனுக்கு வடக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், அட்லாண்டிக் பெருங்கடலைப் பார்த்தபடி நசரே என்ற மீனவ ஊர் இருக்கிறது. உலகின் மிக உயரமான அலைகள் எழும் இடங்களுள் ஒன்று என்று கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அதன் பெயர் அடிபடுவதால், மலைபோல் எழும் நீரின் முகத்தில் ஒரு மனிதர் பலகையில் சறுக்கி இறங்கும் காணொளியை உங்களில் பலர் பார்த்திருக்கக்கூடும். அந்த அலைகளுக்குப் பிறகு வருகிறேன். கடல்நீர் உள்ளே புகுந்து நின்ற கழி தூர்ந்து கடல் விலகிப்போனபின் அதைத் தொடர்ந்து குன்றிலிருந்து மணலுக்கு இறங்கிவந்த ஊர் இது. அந்த வரலாற்றை முதலில் சொன்னால்தான் அலைகளும் விளங்கும்.

நசரே என்ற ஒரே பெயருக்குள் மூன்று குடியிருப்புகள் அடங்கியிருக்கின்றன. உள்ளே, கிழக்குப் பக்கக் குன்றின் மேல் இருப்பது பெதர்னேய்ரா. வடக்கே கடலுக்குள் நீண்டிருக்கும், சுமார் 110 மீட்டர் உயரமுள்ள சுண்ணாம்புப் பாறை முனையின் உச்சியில் இருப்பது சீத்தியு. அந்த முனையின் அடிவாரத்திலிருந்து தெற்கே பிறை போல வளையும் மணற்கரையில் நெருக்கமான சிறு வீதிகளோடு இருப்பது பிரையா. மூன்றும் சேர்ந்த நகராட்சியில் இன்று ஏறத்தாழ 15,000 பேர் வாழ்கிறார்கள்.

மூன்றில் மூத்தது பெதர்னேய்ரா. 1153இல் போர்த்துக்கலின் முதல் மன்னர் அஃபோன்சோ என்ரிக்கெஸ், சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் துறவிகளுக்கு நிலம் வழங்க, அங்கே அல்கொபாசா மடம் எழுந்தது. அந்த மடத்தின் ஆளுகைக்கு உட்பட்ட பெரும் நிலப்பரப்புக்குக் கடல்வழி வாசலாக விளங்கியது பெதர்னேய்ராதான். இன்று அந்தக் குன்றின் மேலிருந்து உள்நாட்டுப் பக்கம் பார்த்தால் வயலும் தோட்டமுமாகத் தெரியும் சமவெளி, இடைக்காலத்தில் கப்பல்கள் வந்து நின்ற கடற்கழியாக இருந்தது. வடக்கே லெய்ரியாவில் மன்னர்கள் வளர்த்த பைன் காட்டின் மரம் இங்கே கொண்டுவரப்பட்டது. போர்த்துக்கேயர் பெருங்கடல்களைக் கடக்கத் தொடங்கிய காலத்தில் இந்தக் கழிக்கரையில் கப்பல்கள் கட்டப்பட்டன. 1514இல் மன்னர் மனுவேல் இவ்வூருக்குச் சாசனம் வழங்கினார்.

ஆனால் கழி நிலைக்கவில்லை. சுற்றுமுற்றும் காடு திருத்தப்பட்டு உழவு பெருகப் பெருக, ஆறுகள் அடித்துவந்த வண்டலும் கடல் ஒதுக்கிய மணலும் சேர்ந்து அதைச் சில நூற்றாண்டுகளில் தூர்த்துவிட்டன. எஞ்சிய சதுப்பை வடியவைத்துத் துறவிகள் விளைநிலமாக்கிக்கொண்டார்கள். அந்தப் பழைய கடற்கரை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க விரும்புபவர்கள், சற்றுத் தெற்கே இருக்கும் சௌ மார்த்தீன்யு என்ற ஊரின் சிப்பி வடிவ விரிகுடாவைப் பார்க்கலாம். பெதர்னேய்ராவின் செல்வமும் நிர்வாகமும் மெல்ல மெல்லக் கீழே இறங்கின. 1912இல் ஊரின் அலுவல் பெயரும் நசரே என்று மாற்றப்பட்டது.

அந்தப் பெயர் மேலே சீத்தியுவிலிருந்து வந்தது. இயேசு வளர்ந்த நாசரேத்திலிருந்து மாதா சிலை ஒன்று ஸ்பெயினின் மெரிதா நகருக்கு வந்ததாகவும், 711இல் முஸ்லிம் படைகள் ஐபீரியத் தீபகற்பத்துக்குள் நுழைந்தபோது அதை ஒரு துறவி எடுத்துவந்து இந்தப் பாறை முனையின் குகையில் மறைத்துவைத்ததாகவும் ஐதிகம். 1182 செப்டம்பர் 14 அன்று, மூடுபனி சூழ்ந்த காலையில் தோம் ஃபுவாஸ் ரோபின்யோ என்ற பிரபு மானைத் துரத்திக் குதிரையில் விரைந்தார். மான் செங்குத்துப் பாறையிலிருந்து விழ, அவர் மாதாவை அழைக்க, குதிரை விளிம்பிலேயே நின்றுவிட்டது. நன்றிக்கடனாக அவர் எழுப்பியது என்று சொல்லப்படும் சிறு கோயில் இன்றும் விளிம்பில் இருக்கிறது. குதிரைக் குளம்பின் தடம் என்று பாறையில் ஓர் அடையாளத்தையும் காட்டுகிறார்கள். நாளும் மாதமும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லப்படும் இந்தக் கதை பரவலானது 1600க்குப் பிறகு, அல்கொபாசா மடத்துத் துறவி ஒருவரின் எழுத்தால்; அவர் காட்டிய சான்றுகளை வரலாற்றாய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை. ஆயினும் யாத்திரை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது என்பதற்கு, 1377இல் மன்னர் ஃபெர்னான்தோ இங்கே பெரிய கோயிலுக்கு அடித்தளமிட்டது சான்று.

வாஸ்கோ ட காமா இந்தியப் பயணத்தையொட்டி இங்கே வந்து வேண்டிக்கொண்டார் என்றும், பிற்காலத்தில் பிரான்சிஸ் சவேரியாரும் கிழக்கே புறப்படுமுன் வந்தார் என்றும் ஊர் மரபு சொல்கிறது. சவேரியார் 1542இல் கோவாவுக்கு வந்து, அதே ஆண்டில் நம் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தவர் என்பதால், தூத்துக்குடி, மணப்பாடு நேயர்களுக்கு இந்தச் செய்தி சற்றுக் கூடுதலாகச் சுவைக்கலாம். பிரேசிலின் பெலேம் நகரில் 1793இல் தொடங்கி, இப்போது அக்டோபர்தோறும் நடக்கும் நசரே மாதா ஊர்வலத்தின் வேரும் இங்கேதான் இருக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கூடும் அந்த விழாவின் அளவோடு பார்த்தால், தாய்க் கோயிலின் செப்டம்பர் திருவிழா சிறியதுதான்.

கீழே மணலில் மக்கள் நிலையாகக் குடியேறியது 18ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் அங்கே தங்க முடியாமல் இருந்ததற்குக் கடற்கொள்ளையரும் ஒரு காரணம். பாறை முனையின் நுனியில் 1577இல் மன்னர் செபஸ்தியான் கோட்டை கட்டச் செய்ததும் அதனால்தான். அச்சம் குறைந்தபின், வடக்கே இல்யாவு பகுதியிலிருந்து வந்த மீனவர்கள் தங்கள் படகையும் வலையையும் குடும்பத்தையும் கொண்டுவந்து குடிசை போட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த சாவேகா வலை நமக்குப் புதியதல்ல. தமிழ்நாட்டில் கரமடி என்றும் இலங்கையில் கரைவலை என்றும் சொல்கிறோமே, அதே முறை: கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுப் படகில் சென்று, அரைவட்டமாக வலையை இறக்கி, மறுமுனையோடு கரைக்குத் திரும்பி, இரு பக்கமும் இழுப்பது. படகுகள் அடி தட்டையாகவும் முகப்பு நன்கு உயர்ந்தும் இருந்தன. முகப்பின் இருபுறமும் கண் வரைந்தார்கள். துறைமுகம் இல்லாத கரையில் உடையும் அலைகளுக்கு ஊடாகவே படகை இறக்கவும் ஏற்றவும் வேண்டியிருந்ததால் வந்த வடிவம் அது. கரையேறும் படகை மாடுகள் இழுத்தன, பின்னாளில் டிராக்டர்கள். கடலில் போன ஆண்கள் கரைக்குக் கூப்பிடு தூரத்தில், குடும்பத்தின் கண்முன்னே கவிழ்ந்து மாண்டது இந்த ஊரில் திரும்பத் திரும்ப நடந்தது.

விற்பதும் உலர்த்துவதும் கணக்குப் பார்ப்பதும் பெண்கள் வேலை. மத்தியையும் பாரை இனத்துச் சிறு மீன்களையும் பிளந்து உப்பு நீரில் நனைத்து, மரச்சட்டங்களில் கட்டிய வலைமேல் பரப்பிக் கருவாடாக்கினார்கள். அந்தச் சட்டங்களை இன்றும் கடற்கரையில் காணலாம். ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு பாவாடை உடுத்துவது இவர்களின் அடையாளம். ஏன் ஏழு என்பதற்கு ஏழு அலை, ஏழு நாள், வானவில்லின் ஏழு நிறம் என்று பல விளக்கங்கள் உண்டு. அவற்றுள் பாதி, சுற்றுலாப் பயணிகள் கேட்கக் கேட்கப் பெருகியவை என்றே நான் நினைக்கிறேன். குளிர்காற்றில் மணலில் மணிக்கணக்காகப் படகுக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு அடுக்கு ஆடை தேவைப்பட்டிருக்கும் என்பது போதுமான காரணம். ஆண்கள் கட்டம்போட்ட கம்பளிச் சட்டையும், புகையிலை முதலியவற்றைச் செருகிவைக்க உதவிய நீண்ட கறுப்புத் தொப்பியும் அணிந்தார்கள். போர்த்துக்கலை நெடுங்காலம் ஆண்ட சலசாரின் சர்வாதிகார ஆட்சி இந்த உடைகளை நாட்டின் நாட்டுப்புற அழகாக முன்னிறுத்தியது. 1948இல், பின்னாளில் திரைப்பட இயக்குநராகப் புகழ்பெற்ற ஸ்டான்லி குப்ரிக், ஒரு அமெரிக்க இதழுக்காக இங்கே வந்து படமெடுத்தார். படங்களில் பாவாடையின் நிறைவு தெரிந்த அளவுக்கு வீட்டின் வறுமை தெரியவில்லை.

மேலூரையும் கீழூரையும் இணைக்க 1889இல் சரிவு ரயில் அமைத்தவர் ராவுல் மெஸ்னியே து போன்சார். லிஸ்பனின் புகழ்பெற்ற மின்தூக்கிகளும் அவர் வடிவமைத்தவையே. முதலில் நீராவியில் ஓடிய அது, 1968இல் மின்சாரத்துக்கு மாறியது.

இனி அலைகள். நசரேக்கு நேரே, கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் தொடங்கி, 200 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே நீண்டு, ஏறத்தாழ 5,000 மீட்டர் ஆழம்வரை இறங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் இவ்வகையில் மிகப் பெரியது இதுவே. வடஅட்லாண்டிக் புயல்கள் கிளப்பும் நெடிய அலைகள் கரையை நெருங்கும்போது, கரையை ஒட்டிய கடலடி மேடையான ஆழமற்ற கண்டத்திட்டின் மேல் வரும் பகுதி அடித்தரையை உணர்ந்து வேகம் குறைகிறது. பள்ளத்தாக்கின் மேல் வரும் பகுதி வேகம் குறையாமல் முன்னேறி, வளைந்து திட்டின் பக்கம் திரும்புகிறது. இரண்டும் பாறை முனைக்கு வடக்கே உள்ள பிரையா தோ நோர்த்தே கடற்கரைக்கு எதிரே சந்தித்து ஒன்றன்மேல் ஒன்று ஏற, கரையோர நீரோட்டமும் எதிரே வந்து மோதி உயரத்தைக் கூட்டுகிறது. போர்த்துக்கல் கடற்படையின் நீர்வரைவியல் நிறுவனம் மிதவைகள் அமைத்து இந்தப் பள்ளத்தாக்கைக் கண்காணிக்கிறது.

ஊர் மீனவர்கள் அந்த வடகரையை அண்டுவதில்லை. அதைத் தேடி 2010இல் அமெரிக்க அலைச்சறுக்கு வீரர் காரெட் மெக்னமாரா வந்தார். 2011 நவம்பரில் 23.77 மீட்டர் அலையில் சறுக்கி உலகச் சாதனை படைத்தார். 2020 அக்டோபர் 29 அன்று ஜெர்மானியரான செபாஸ்டியான் ஸ்டோய்ட்னர் சறுக்கிய அலை 26.21 மீட்டர் என்று அளந்து ஏற்கப்பட்டது. கொள்ளையரைத் தடுக்கக் கட்டிய கோட்டையும் அதன் சிவப்பு நிறக் கலங்கரை விளக்கமும் இப்போது பார்வையாளர் மேடை. கோடையில் மட்டும் அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்த ஊருக்குக் குளிர்காலத்திலும் வருமானம் வருகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

வடக்கே அலையைக் குவிக்கும் அதே பள்ளத்தாக்கு, தன் தலைக்கு நேரே உள்ள பகுதியில் அலையின் ஆற்றலை இருபுறமும் சிதறவிடுகிறது. பாறை முனையும் வடமேற்குக் காற்றை மறைப்பதால், தெற்கே பிரையாவின் கோடியில் கடல் பல நாட்களில் அடங்கியே இருக்கிறது. 1980களில் நசரேக்கு ஒருவழியாகத் துறைமுகம் கட்டப்பட்டது அந்தத் தென்கோடியில்தான். மாடுகளுக்கும் மணலில் படகேற்றும் ஆபத்துக்கும் அத்தோடு விடை கிடைத்தது. புயல் நாட்களில் இந்தக் கரையின் வேறு துறைமுகங்களின் முகத்துவாரங்கள் மூடப்படும்போதும் நசரேயின் வாசல் பெரும்பாலும் திறந்தே இருக்கிறது.

நன்றி, வணக்கம்.