சில்லுக்குப் பக்கத்தில் ஓடுபவர்

நடுவர் ஐயா அவர்களுக்கும், சனசமூக நிலைய முற்றத்தில் இவ்வளவு நேரம் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊர்ச் சனத்துக்கும், எதிரணியில் இருக்கும் மூவருக்கும் என் வணக்கம்.

"நாட்டில் நல்ல அரசியல் மாற்றங்களைக் கொண்டுவருவது தலைவர்களா, மக்களா?" என்பது தலைப்பு. மக்கள்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் தன் பேச்சைத் தேரில் தொடங்கினார். ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும் தேர் நேராகப் போக மேலே ஒருவர் வேண்டும் என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். எங்கள் ஊர்த் தேரை நான் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். மேலே நிற்பவர் தேரைத் திருப்பி நான் கண்டதில்லை. கீழே, சில்லுக்குப் பக்கத்தில், கட்டையைப் பிடித்தபடி குனிந்து குனிந்து ஓடுவாரே ஒருவர், அவர்தான் திருப்புகிறார். எந்தச் சில்லுக்கு எந்தப் பக்கம் கட்டை கொடுத்தால் தேர் எங்கே திரும்பும் என்பது அவருக்குத் தெரியும். கை நசுங்கினால் அதுவும் அவருடைய கைதான். அவரைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் நல்ல கேள்வி ஒன்று கேட்டார். 1931 இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது, அதற்காக இங்கே எவர் ஊர்வலம் போனார், பிரித்தானியர் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு மேலிருந்து தந்ததுதானே என்றார். பெரிய மக்கள் எழுச்சி ஒன்று நடக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆணைக்குழு 1927 இல் வந்தபோது எங்கள் தலைவர்கள் என்ன கேட்டார்கள் என்பதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் சொத்தும் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டும் வாக்கு இருந்தால் போதும் என்றார்கள். எங்களுடைய சேர் பொன்னம்பலம் இராமநாதன், கல்விக்கு அவ்வளவு செய்தவர், எல்லோருக்கும் வாக்கு என்பதைக் கடுமையாக எதிர்த்தார். எல்லோருக்கும் கொடுங்கள் என்று கேட்டவர் தொழிற்சங்கக்காரரான ஏ. ஈ. குணசிங்க. அதே 1927 டிசம்பரில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கியது. அக்னஸ் டி சில்வாவும் மற்றப் பெண்களும் ஆணைக்குழுவின் முன்னால் போய் நின்றார்கள். அவர்கள் கேட்டதும் குறைவுதான். படித்த பெண்களுக்காவது தாருங்கள் என்றார்கள். ஆணைக்குழு முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு என்று எழுதியது, கடைசியில் அது இருபத்தொரு வயதானது. போய்க் கேட்க ஆள் இருந்தபடியால்தான் அதைக் கொடுக்க ஒரு காரணமும் இருந்தது.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது? 1924 இல் ஹன்டி பேரின்பநாயகமும் நண்பர்களும் மாணவர் காங்கிரஸ் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதுதான் பிறகு வாலிபர் காங்கிரஸ். 1927 இல் காந்தியை இங்கே அழைத்து வந்தவர்கள் அவர்கள். சமபந்திப் போசனம் நடத்தினார்கள். பாடசாலையில் சாதி பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஒரே வாங்கு! அதற்காகப் பாடசாலைகள் எரிக்கப்பட்ட ஊர் இது. 1931 தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னதும் அவர்கள்தான். வடக்கில் நான்கு தொகுதிகளில் ஒருவர்கூட வேட்புமனுப் போடவில்லை. அது சரியா பிழையா என்று இன்னும் வாதம் நடக்கிறது. பிழை என்று சொல்பவர்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். மக்கள் பிழையே விடமாட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த இளைஞர்கள் கையில் எடுத்த வாங்கு விஷயம், எந்தப் பெரிய மனிதரும் கையில் எடுக்கப் பயந்த விஷயம் என்பதைத்தான் சொல்கிறேன்.

அடுத்தது தேநீர். இதில் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன், நடுவர் ஐயா மணியைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும்.

சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் வந்தது. சாதியைச் சொல்லி ஒருவரைக் கடையிலோ கோயிலிலோ தடுப்பது குற்றம் என்றது. ஒடுக்கப்பட்ட சாதி மக்களின் அமைப்பான சிறுபான்மைத் தமிழர் மகாசபை வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு வந்த சட்டம். எதிரணி நண்பர்களின் கணக்குப்படி, நாடாளுமன்றத்தில் தலைவர்கள் கை உயர்த்திய அன்றே மாற்றம் வந்திருக்க வேண்டும். வந்ததா? சட்டம் வந்து ஒன்பது வருடத்துக்குப் பிறகும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒரு பகுதி மக்கள் உள்ளே போய் இருக்க முடியாது. வெளியே நிற்க வேண்டும், அல்லது நிலத்தில் குந்த வேண்டும். தேநீர் போத்தலில் வரும். மற்றவர்கள் குடிக்கும் கிளாஸில் அவர்களுக்குத் தரமாட்டார்கள். சட்டப் புத்தகம் கொழும்பில் இருந்தது. போத்தல் சங்கானையில் இருந்தது.

1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஊர்வலம் புறப்பட்டது. பொலிஸ் மறித்தது, அடித்தது. ஊர்வலம் நிற்கவில்லை, யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. அதன் பின்னால் வளர்ந்ததுதான் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம். பிறகு சங்கானை, சாவகச்சேரி, நெல்லியடி என்று ஒவ்வொரு ஊராக, ஒவ்வொரு கடையாக உள்ளே போனார்கள். போய் வாங்கில் இருந்து, எங்களுக்கும் கிளாஸில் தேநீர் தாருங்கள் என்றார்கள். அதற்காக அடி வாங்கினார்கள், வீடு எரிந்தது, உயிரும் போனது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். எதிரே நின்று மறித்த பக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம். தலைவர்தான்! நாடு போற்றிய படிப்பாளிதான். வாசலில் வெறுங்காலோடு இருந்த கூலித் தொழிலாளிகள் பக்கம்தான் நாட்டின் சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் அவர்கள்.

இது முடிந்துபோன கதை என்று நினைக்காதீர்கள். 2018 இல் எங்கள் மாவட்டத்துக் கோயில் ஒன்றில் தேரை இயந்திரத்தைக் கொண்டு இழுத்தார்கள். ஆள் போதாது என்று காரணம் சொன்னார்கள். சில பேர் வடம் தொடக்கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. எதிரணித் தலைவருக்குத் தேர் பிடித்திருக்கிறபடியால் இதையும் ஞாபகப்படுத்துகிறேன்.

சரி, எங்கள் காலத்துக்கு வருவோம். எதிரணியின் மூன்றாவது பேச்சாளர், சாதாரண சனத்துக்கு வயிற்றுப்பாடே பெரிய பாடு, இதற்கெல்லாம் எங்கே நேரம் என்றார். இரணைதீவுச் சனத்துக்கு என்ன வயிற்றுப்பாடு என்று அவருக்குத் தெரியும்தானே. கடல்தான். 1992 இல் போரால் தீவை விட்டு வந்தவர்கள். பிறகு கடற்படை அங்கே இருந்ததால் திரும்பிப் போய்க் குடியிருக்க விடவில்லை. 2017 மே மாதம் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். கிட்டத்தட்ட ஒரு வருடம் இருந்தார்கள். மனுக் கொடுத்தார்கள், கொழும்புக்கும் போனார்கள், அதிகாரிகள் வந்து வந்து போனார்கள். 2018 ஏப்ரல் 23 அன்று படகுகளில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு, பெண்களும் வயதானவர்களுமாகத் தங்கள் தீவுக்குத் தாங்களே போய் இறங்கினார்கள். தேவாலயத்தில் செபம் செய்துவிட்டு அங்கேயே இருந்துவிட்டார்கள். அடுத்த மாதம் அரசாங்கம் இருக்கலாம் என்றது. முல்லைத்தீவில், கேப்பாப்புலவு பிலவுக்குடியிருப்பில் பெண்கள் குழந்தைகளோடு ஒரு மாதம் விமானப்படை முகாமுக்கு முன்னால் தெருவில் படுத்த பிறகுதான், 2017 மார்ச் முதலாம் திகதி காணி கைக்கு வந்தது. இந்த இரண்டு இடத்திலும் முன்னுக்கு நின்ற தலைவர் ஒருவரின் பெயரை எதிரணி சொல்லட்டும். நான் உட்கார்ந்துவிடுகிறேன்.

2022 ஐப் பற்றியும் சொன்னீர்கள். கொழும்பு காலிமுகத்திடலில் அவ்வளவு சனம் கூடியும் ஜனாதிபதி கோட்டாபய என்ற ஓர் ஆள் போனதைத் தவிர என்ன மாறியது என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி எனக்கும் வலிக்கிற கேள்வி. யாழ்ப்பாணத்தில் நாங்கள் பல பேர் அன்றைக்குத் தள்ளி நின்றுதான் பார்த்தோம். எங்களுக்கு நடந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்ற கோபம் எனக்கும் இருந்தது. ஆனால் அந்த வருடம் மே 18 அன்று அதே காலிமுகத்திடலில், போரின் கடைசி நாட்களில் எங்கள் சனம் குடித்த கஞ்சியின் நினைவாக, முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள். எந்த அரசாங்கமும் எந்தக் கட்சியும் அதைச் செய்யச் சொல்லவில்லை. அந்த ஒக்டோபரில் இருபத்தோராம் திருத்தம் நிறைவேறியது. உயர் பதவி நியமனங்களைச் சரிபார்க்கும் அரசியலமைப்புப் பேரவை 2020 இல் பிடுங்கப்பட்டிருந்தது, அது திரும்பி வந்தது, சுயாதீன ஆணைக்குழுக்களும் பலம் பெற்றன. போதுமா? போதாது. ஆனால் 2020 இல் கை உயர்த்திப் பிடுங்கியதும் அதே சபைதான், 2022 இல் கை உயர்த்தித் திருப்பிக் கொடுத்ததும் அதே சபைதான். இடையில் மாறியது என்ன? தெருவில் நின்ற சனம்தான்.

அடுத்து, பெண்களுக்கு உள்ளூராட்சியில் இருபத்தைந்து வீதம். முன்பு இந்த நாட்டு உள்ளூராட்சி உறுப்பினர்களில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. பெண்கள் அமைப்புகள் இருபது வருடத்துக்கு மேலாகக் கட்சி கட்சியாக ஏறி இறங்கி, 2016 இல் சட்டமாக்கி, 2018 தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள் உள்ளே போனார்கள். அந்தத் தேர்தலுக்கு முதல் எங்கள் வீட்டுப் படலைக்கும் இரண்டு பேர் வந்தார்கள். எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன். "அக்கா, பெயரை மட்டும் தாங்கோ, மிச்சத்தை நாங்கள் பாப்பம்" என்றார்கள். கூட்டத்துக்குக்கூட வரத் தேவையில்லையாம். சட்டம் என்னைத் தேடி வந்த விதம் அப்படி. நான் கொடுக்கவில்லை. இப்போது யோசித்தால் அது பிழை என்று படுகிறது. பெயரைக் கொடுத்து, கூட்டத்துக்கும் போய், மிச்சத்தை நானே பார்த்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்து வட்டாரத்தில் ஒரு பிள்ளை அப்படித்தான் செய்தாள்.

அதற்குப் பதிலாக நான் செய்த சின்ன வேலை ஒன்று உண்டு. எங்கள் ஒழுங்கையில் வடிகால் கட்டியாயிற்று என்று கணக்கில் இருந்தது. ஒழுங்கையில் மாரிக்கு முழங்கால் அளவு வெள்ளம் இருந்தது. 2017 பெப்ரவரியில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது உங்களுக்குத் தெரியும். ஏன் கேட்கிறாய் என்று அதிகாரிகள் கேட்க முடியாது. பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன்: எவ்வளவு காசு, எந்தத் திகதி, எந்த ஒப்பந்தகாரர், எத்தனை மீற்றர். பதில் வரவில்லை. மேன்முறையீடு செய்தேன். அப்போதுதான் வந்தது, எங்கள் வடிகாலின் நீளம் வேறோர் ஒழுங்கையில் கட்டியதோடு சேர்த்துக் கணக்கெழுதப்பட்டிருந்தது. மாதர் சங்கத்தில் பதினொரு பேர் அந்தத் தாளின் பிரதியோடு அந்த அதிகாரிகளிடம் போய் உட்கார்ந்தோம். அடுத்த மாரிக்கு முதல் வடிகால் வந்தது. அந்தச் சட்டத்தை நிறைவேற்றியவர்களுக்கு நன்றி சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அவர்களில் ஒருவரும் எங்கள் ஒழுங்கைக்கு வரப்போவதில்லை.

எதிரணியிடம் கடைசியாக ஒன்று கேட்கிறேன். வடமாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013 செப்டெம்பர் 21 அன்று நடந்தது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. எல்லை நிர்ணய அறிக்கையை நாடாளுமன்றம் நிராகரித்தது, சட்டச் சிக்கல் என்றார்கள், அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. ஆளுநர் இருக்கிறார், நாங்கள் தெரிவு செய்த சபை இல்லை. எல்லாக் கட்சித் தலைவர்களும் தேர்தல் வேண்டும் என்றுதான் மேடையில் சொல்கிறார்கள். பிறகு ஏன் நடக்கவில்லை? 2023 இல் உள்ளூராட்சித் தேர்தலைக் காசில்லை என்று தள்ளியபோது, குடிமக்களும் அமைப்புகளும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 ஓகஸ்ட்டில் அது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பு வந்தது. 2025 மே மாதம் வாக்குப் போட்டோம். மாகாண சபைக்காக நாங்கள் அப்படி யாரையும் நெருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இருக்கும் குறை அதுதான், அதை இந்த மேடையில் மறைக்க எனக்கு விருப்பமில்லை.

மணி அடித்துவிட்டது, ஐயா. ஒரு நிமிடம்.

முற்றத்து வாசலில், செருப்புக் கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மேசை போட்டிருக்கிறோம். மாகாண சபைத் தேர்தலை நடத்தக் கேட்டு ஒரு கடிதம் இருக்கிறது, ஒன்றரைப் பக்கம், தமிழில். நாடாளுமன்றத்தில் இந்த மாவட்டத்தைப் பிரதிநிதித்துவப்படுத்தும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பிரதி போகும். வாசித்துப் பாருங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள், உடன்பட்டால் பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்து வையுங்கள். நடுவர் ஐயா தீர்ப்புச் சொல்லும்வரை நான் அந்த மேசையடியில்தான் இருப்பேன். எதிரணி நண்பர்களும் வர வேண்டும். வணக்கம்.